வந்த வீரனை மதிப்பிடுதல்: பார்வையாளன் அறம் பற்றி ஒரு நோக்கு

விளையாட்டுத் திடலின் ஓரத்து மதிலில் அமர்ந்திருப்போருக்கு உலகிலேயே மிக எளிதானதொரு தொழில் வாய்த்திருக்கிறது. தீர்ப்பு வழங்குதலே அத்தொழில். ஓடுபவனுக்கு மூச்சிரைக்கும், எறிபவனுக்குக் கை தளரும், தீர்ப்பு வழங்குபவனுக்கு எதுவும் நேர்வதில்லை. அத்தொழிலை ஈராண்டு காலம் நானும் செய்தவன் என்ற வகையிலேயே இக்கட்டுரையை எழுதத் துணிகின்றேன். ஒரு கல்லூரி அணிக்கு வெளியிலிருந்து புதிய வீரன் ஒருவன் வந்து சேரும்போது அவனை மதிப்பிடும் உரிமை பார்வையாளருக்கு உண்டா? உண்டெனில், அவ்வுரிமை அவர்கள்மீது ஏதேனும் கடப்பாட்டையும் சுமத்துகின்றதா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே ஈண்டு எனது நோக்கமாகும். விளையாட்டைப் பற்றிய வினாதானே எனச் சிலர் இதனை ஒதுக்கக்கூடும். ஆயினும் மனிதன் மனிதனை அளப்பதென்பது விளையாட்டோடு முடிந்துவிடும் காரியமன்று என்பதை இதனைப் படிப்போர் உடன்படுவர் என நம்புகின்றேன்.

பாசிக்குடாவை அண்டிய எனது ஊரிலிருந்து பேருந்தேறிச் சென்று நான் பயின்ற பாடசாலையில் கூடைப்பந்தாட்டத்துக்குப் பெருமதிப்பு இருந்தது. நாம் க.பொ.த. உயர்தர வகுப்பில் முதலாண்டு பயின்றபோது, வேறொரு பாடசாலையிலிருந்து மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். உயரம் ஆறடி நான்கு அங்குலம். கரையோரக் கிராமத்தவன், தந்தை கடற்றொழிலாளி. எங்கள் அணியில் அவ்வாண்டு 'சென்ரர்' எனப்படும் மைய வீரனுக்கு உரிய உயரமுடையோர் எவருமிலர். பத்தடி உயரத்திலுள்ள வளையத்தின் அடியில் நின்று, எதிரியைத் தன் முதுகால் மறித்து, ஒரு காலை ஊன்றிச் சுழன்று பந்தை எறிபவனும், வளையத்திற் பட்டுத் திரும்பும் பந்தை மற்றையோர் தலைக்கு மேலாகப் பறிப்பவனும் அவனே. கட்டடத்துக்கு நடுத்தூண் எவ்வாறோ அவ்வாறே அணிக்கு மைய வீரன். ஆகவே அவன் வந்த செய்தி அவன் வருமுன்னரே மதிலை எட்டியிருந்தது.

முதல்நாட் பயிற்சியை நாங்கள் பதினைந்து பேர் வரை பார்த்திருந்தோம். பழைய மாணவர் இருவர், முச்சக்கரவண்டி ஓட்டும் அண்ணர் ஒருவர், ஏனையோர் எம்மனோர். அவன் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் சிறிய பையனொருவன் அதனைத் தட்டிச் சென்றான். "இவன் கிறுகிறத்துக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும் மறுகா" என்றார் முச்சக்கரவண்டி அண்ணர். மதில் முழுவதும் சிரித்தது. அன்றே அவனுக்குப் 'பனை' என்னும் பெயர் சூட்டப்பட்டது. கணக்கில் விருப்புடைய நான் ஒரு கொப்பி வாங்கி அவனுக்கெனத் தனிப் பக்கங்கள் ஒதுக்கினேன். எத்தனை எறிந்தான், எத்தனை விழுந்தது, திரும்பும் பந்தை எத்தனை முறை பறித்தான் என்பன யாவும் அதில் ஏறின.

இரண்டாந் தவணையில் நிலைமை மாறிற்று. அவன் கால்கள் இடம் அறிந்து நிற்கத் தொடங்கின. இரு பெரிய பாடசாலைகளை நாம் வென்றோம். 'எங்கிருந்தோ வந்தவன்' என்றிருந்தவன் 'நம்மட பொடியன்' ஆனான். மூன்றாந் தவணையில் ஓர் ஆட்டத்தின்போது உயரப் பாய்ந்தவன் இன்னொருவன் பாதத்தின்மீது இறங்கினான். முழங்கால் திருகிற்று. அவனைத் தூக்கிச் சென்றபோது மதிலில் எழுந்த வினாவை இன்றும் நினைவுகூர்கின்றேன்: "அடுத்த மெச்சுக்கு வருவானா?" அவன் வரவில்லை. சில வாரங்களின் பின் பாடசாலைக்கும் வரவில்லை. நாங்கள் அடுத்த ஆண்டுக்கு எவர் வருவார் என்று பேசத் தொடங்கினோம்.

நான் பல்கலைக்கழகம் புகுந்தபின் ஒரு விடுமுறைக் காலை பாசிக்குடாக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் வரிசையில் அவனைக் கண்டேன். ஒரு காலை மணலில் ஆழ ஊன்றாமல் இழுத்துக்கொண்டிருந்தான். பழைய கதைகள் சில பேசினோம். பிரியும் தறுவாயில், "என்ட கணக்கெல்லாம் எழுதின கொப்பி இன்னும் கிடக்கா மச்சான்? தம்பிக்குக் காட்டணும்" என்று கேட்டான். கிடக்கின்றதென்றேன். வீடு சென்று எடுத்துப் பார்த்தேன். பதினொரு ஆட்டங்களின் கணக்கு ஒரு பிழையுமின்றி இருந்தது. பக்கத்தின் தலைப்பில் அவன் பெயர் இல்லை. 'பனை' என்றே எழுதியிருந்தேன். அவன் உயர்தரத்தில் என்னென்ன பாடங்கள் பயின்றான் என்பதோ, எங்கள் ஊரில் எவர் வீட்டில் தங்கியிருந்தான் என்பதோ எனக்குத் தெரியாது என்பதும் அப்பொழுதே உறைத்தது. கொப்பியை நான் இன்னும் கொடுக்கவில்லை.

இவ்வனுபவத்திலிருந்து, 'மனிதரை மதிப்பிடுதலே தவறு' என்று முடிவுகட்டிவிடலாமா? அது அவசர முடிவாகும். ஆடுகளத்தில் ஐவருக்கே இடமுண்டு. பதினைவர் விரும்பினும் பயிற்றுவிப்பாளர் ஐவரைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரத்தையும் 'தெரிந்துவினையாடல்' என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்துள்ளார். ஒருவனிடமுள்ள நன்மையையும் குறையையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, மிகுந்து நிற்பதைக் கொண்டு முடிவுசெய்யுமாறு அவர் கூறுகின்றார். ஆராயாது நம்புதலையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே கண்டிக்கின்றார். ஒருவனது திறமையைக் கூர்ந்து நோக்கி, 'இங்கே பிழைக்கின்றாய்' என்று கூறுவது அவனுக்குச் செய்யும் மரியாதையே. பரிதாபத்தாற் புகழ்வதே அவமதிப்பு. எனவே அளத்தல் குற்றமன்று. எதனை அளக்கின்றோம், எந்நிலையில் நின்று அளக்கின்றோம், அளந்தபின் என்ன செய்கின்றோம் என்பவற்றிலேயே குற்றம் தங்குகின்றது.

முதலில், எதனை அளக்கின்றோம் என்பதை நோக்குவோம். பெரிய உருவத்தைக் கண்டவுடன் ஒன்று வியக்கின்றோம் அல்லது நகைக்கின்றோம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். சிறிய உருவை இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியை எடுத்துக்காட்டினார். பெரிய உருவைக் கண்டு ஆளை முடிவுசெய்தலும் அவ்விகழ்ச்சியின் மறுபக்கமே. அமெரிக்கரான ஜோர்ஜ் மைக்கன் ஆறடி பத்து அங்குல உயரமும் தடித்த கண்ணாடியும் உடையவர். நொற்றே டேம் பல்கலைக்கழக அணியில் இடம்தேடிச் சென்றபோது, தடுமாறும் ஆள் என்று கணிக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டார். டீபோல் பல்கலைக்கழகத்தின் இளம் பயிற்றுவிப்பாளர் ரே மேயர் அதே உடலைக் கண்டு வேறொன்று செய்தார். கயிறடித்தல், குத்துச்சண்டை, நடனம் முதலியவற்றால் அக்கால்களைப் பழக்கினார். பின்னர் மைக்கனின் ஆதிக்கம் தாளாமலே தொழில்முறைச் சங்கம் 1951இல் வளையத்தின் கீழுள்ள பகுதியின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக விரித்தது. இருவரும் ஒரே மனிதனையே மதிப்பிட்டனர். முன்னவர் கண்டது அன்றைய நிலை. பின்னவர் கண்டதோ, தாம் உழைத்தால் உண்டாகக்கூடிய நிலை. மேயரின் மதிப்பீட்டில் அவரது உழைப்பும் அடங்கியிருந்தது என்பது கருதத்தக்கது.

நமக்கு அணித்தான சான்றொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திற் பிறந்து நமது கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயின்ற தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். ஏறக்குறைய மைக்கனின் உயரமே. சிறுவயதில் அவ்வுயரத்துக்காகக் கேலிக்குள்ளானதைப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். அவர் ஆடியது வலைப்பந்தாட்டம். அதன் வளையமும் பத்தடி உயரத்திலேயே உள்ளது. ஆனால் பின்பலகை கிடையாது. பட்டுத் தெறித்து விழுவதற்கு எதுவுமில்லாத வளையத்தில் உயரம் மட்டும் பந்தை வீழ்த்துவதில்லை. கையின் பயிற்சியே வீழ்த்துகின்றது. இலங்கை அணி 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் அதன் பிரதான எறிவாளராக விளங்கினார். கேலிசெய்தோரும் பின்னர் கொண்டாடியோரும் ஒரே உயரத்தையே கண்டனர். நாள்தோறும் வளையத்தை நோக்கி எறிந்த கையை எத்தனை பேர் கண்டனர்?

அடுத்து, எந்நிலையில் நின்று அளக்கின்றோம்? அடம் சிமித் 1759இல் வெளியிட்ட அறவுணர்ச்சிக் கோட்பாடு பற்றிய நூலில், 'நடுநிலைப் பார்வையாளன்' என்ற கருத்தை விளக்குகின்றார். நம் செயல்களைப் பக்கஞ்சாராத ஒருவன் எவ்வாறு காண்பானோ அவ்வாறு நாமே காண முயலும்போது அறிவுசார்ந்த அறத் தீர்ப்புப் பிறக்கின்றது என்பது அவரது துணிபு. ஆனால் மதிலில் இருப்பவன் நடுநிலைப் பார்வையாளன் அல்லன். அவன் ஓர் அணியின் ஆதரவாளன். பக்கஞ்சார்தல் அவனுக்கு இயல்பு. பக்கஞ்சாராத ஆதரவாளனால் ஆட்டத்துக்குச் சுவையுமில்லை. இடர் எங்கே தோன்றுகின்றதெனில், அவன் தன் பக்கத்தின் நலனையே ஆளின் மதிப்பாகக் கொண்டுவிடும்போது தோன்றுகின்றது. அதே பையன் முதலில் வரத்தான், பின்னர் நம்மவன், முழங்கால் திருகியபின் எவனுமல்லன். இம்மூன்று நிலைகளிலும் அவன் மாறவில்லை. எமது தேவையே மாறிற்று. பயன்கருதிய நட்பானது பயன் நீங்கியவுடன் தானும் நீங்கும் என்று அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் எழுதியதற்கு எங்கள் மதில் நல்ல உரையாகும்.

இங்கு 'வந்தவர்' என்ற சொல்லையும் சற்று நின்று நோக்குதல் தகும். கூடைப்பந்தாட்டமே நம்மிடம் வந்த ஒன்றுதான். கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்சிமித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் பழக்கூடைகளை மாட்டித் தொடக்கிய ஆட்டம், அமெரிக்க இயேசுசபைத் துறவியரால் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வேரூன்றியது. மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் லூசியானா மாநிலத்திலிருந்து 1948இல் வந்து, இரு நகரங்களின் கல்லூரிகளிலும் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர். போர்க்காலத்தில் பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்ற அவர், 1990 ஆகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டவர் வீடு வந்து சேரவில்லை. அவரோடு சென்ற பேட்ரம் பிரான்சிஸ் என்னும் இளைஞரும் திரும்பவில்லை. நமது வந்தாறுமூலை வளாகம் அதே நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே அமைந்துள்ளது. அவரை எவரும் வரத்தான் என்று சொல்வதில்லை. வெற்றிக் கிண்ணங்களால் மட்டுமா அவர் நம்மவரானார்? நமக்கு நேர்ந்தது தமக்கும் நேரட்டும் என்று நின்றதனால் ஆனார். இதிலிருந்து ஒன்று புலனாகின்றது. 'நம்மவன்' என்பது வெற்றிநாளில் சூட்டும் பட்டமன்று. துன்பநாளில் இருபக்கமும் காக்கவேண்டிய உடன்பாடு. நம்மிடம் வந்த ஒருவர் தம் பக்கத்தை உயிர்வரை காத்தார். எங்கள் மதிலோ ஒரு முழங்கால் வரைகூடக் காக்கவில்லை.

'வந்தாரை வாழவைக்கும் மட்டுநகர்' என்று நாம் பெருமையாகக் கூறிக்கொள்வதுண்டு. இதே மண்ணைப் பற்றி வெளியார் சொல்லும் வேறொரு வாசகமும் நாம் அறிந்ததே: மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பர். ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வு முழுவதையும் ஒற்றைக் கேலிக்குள் அடக்கினால் எவ்வாறு நோகும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். பட்டறிந்த நாமே ஒருவனைப் 'பனை' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கினோம் என்பதை எண்ணும்போது நாணம் மேலிடுகின்றது.

இதற்கு மறுப்பாகக் கூறத்தக்கன இரண்டு உள. 'வந்தவனும் தன் நலங்கருதியே வந்தான். அவன் பாடசாலையைப் பயன்படுத்தினான், பாடசாலை அவனைப் பயன்படுத்தியது. கணக்குத் தீர்ந்தது' என்பது முதலாவது. ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு இன்று ஏறத்தாழ இந்நிலையை அடைந்துள்ளது. முன்பு அணி மாறும் கூடைப்பந்தாட்ட மாணவன் ஓராண்டு ஆடாதிருத்தல் பொதுவிதி. 2018இல் மாற விரும்புவோரின் பெயர்களைப் பதியும் பொதுப் பதிவேடு ஏற்பட்டது. 2021இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றாயிற்று. அவ்வாண்டே தம் பெயரையும் உருவையும் கொண்டு மாணவர் பணம் ஈட்டவும் வழி திறந்தது. 2024இல், கல்வித் தகுதி பேணப்படின் எத்தனை முறையும் மாறலாம் என்ற நிலை வந்தது. புதிய மைய வீரன் ஒருவன் வந்தால் அவனது உயரம், கைநீளம், பழைய காயம் யாவும் சந்தைப் பொருள்போற் பேசப்படுகின்றன. ஆயினும் அங்கு மாணவனும் விலைபேசுகின்றான்; பிடிக்காவிடின் புறப்படுகின்றான். பதினேழு வயதுக் கடற்றொழிலாளி மகனிடம் அத்தகைய பேரம் எதுவுமில்லை. இம்மானுவேல் காண்ட், மனிதனைப் பயன்படுத்தலாகாது என்று கூறவில்லை. வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றே கூறினார். கருவி உடைந்தால் எறிகின்றோம். மனிதன் முழங்கால் உடைந்தபின்னும் மனிதனாகவே இருக்கின்றான். ஒப்பந்தம் முடியும் இடத்திலேதான் அறம் தன் வேலையைத் தொடங்குகின்றது.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. 'வந்தவனுக்கு இரங்கும் நீ, அவன் வந்தமையால் இடமிழந்தவனை எண்ணினாயா?' என்பது அது. உண்மை. ஆறு ஆண்டுகள் எங்கள் பாடசாலையிலேயே ஆடிப் பழகிய ஒருவன் அவ்வாண்டு முழுவதும் வாங்கில் அமர்ந்திருந்தான். அவனுக்கு நேர்ந்தது சிறிய இழப்பன்று. பயிற்சி வேளைகளில் புதியவனை அவன் முழங்கையால் இடித்ததை நாங்கள் கண்டு இரசித்திருக்கின்றோம். ஆனால் வைத்தியசாலைக்கு இரண்டு முறை சென்று அவனைப் பார்த்தவன், எங்கள் அனைவரிலும் அவன் ஒருவனே என்பதைப் பின்னரே அறிந்தேன். நாள்தோறும் உடலோடு உடல் மோதியவனுக்கு எதிரியின் மூச்சும் வியர்வையும் தெரிந்திருந்தன. எங்களுக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. போட்டியிட்டவன் அவனை அறிந்திருந்தான், போற்றியவர்கள் அறியவில்லை. எனவே இவ்விருவர் நலனும் ஒன்றுக்கொன்று பகையென நிறுவி, மதிலில் இருப்போர் தப்பித்துக்கொள்ள முடியாது. இருவரையும் அடுத்தடுத்து மறந்தவர்கள் நாங்களே.

தமிழில் 'மதிப்பு' என்னும் சொல் விலையையும் குறிக்கும், கண்ணியத்தையும் குறிக்கும். மதிப்பிடுதலும் மதித்தலும் ஒரே வேரிற் கிளைத்தவை. விலைகாணும் கண்ணும் கண்ணியங்காணும் கண்ணும் ஒருங்கே திறந்திருத்தல் கூடும் என்பதற்கு மொழியே சான்றளிக்கின்றது. எண்களை எழுதியது எனது பிழையன்று. எழுதிய பக்கத்துக்குப் பெயரிடாமை பிழை. ஆட்டம் நின்றபின் பக்கத்தை மூடிவிட்டமை அதனினும் பெரும் பிழை. ஒருவனை அளக்கும் உரிமையை எடுத்துக்கொள்பவன், அவன் பெயரை அறியும் கடனையும், வளர்வதற்குக் காலம் அளிக்கும் கடனையும், பயன் தீர்ந்த பின்னரும் அவன் வாயிலுக்குச் செல்லும் கடனையும் கூடவே ஏற்கின்றான். இவற்றை ஏற்க மனமில்லாதவன் ஆட்டத்தைப் பார்த்து மகிழட்டும்; ஆளைப்பற்றித் தீர்ப்புக் கூறாதிருக்கட்டும்.

இசட் புள்ளியால் அளக்கப்பட்டு இவ்வளாகத்துள் வந்து சேர்ந்தவர்கள் நாம். புள்ளி குறைந்தமையால் வெளியில் நின்ற நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. நாளை நாமும் ஆசிரியராய், அதிகாரியாய், தேர்வாளராய் அமர்ந்து பிறரை அளக்கப் போகின்றோம். அப்போது கையிலிருக்கும் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வீடும் ஒரு பெயரும் உண்டென்பதை மறவாதிருத்தல் நமது கல்வியின் பயன்களுள் ஒன்றாக அமைதல் வேண்டும்.

என்னிடமுள்ள அக்கொப்பியைப் புதிய தாளில் படியெடுத்து வருகின்றேன். கணக்கில் எதனையும் மாற்றவில்லை; தவறவிட்ட எறிவுகளும் தவறவிட்டவையாகவே உள்ளன. தலைப்பில் மட்டும் அவனது முழுப்பெயரை எழுதியிருக்கின்றேன். அடுத்த விடுமுறையில் அதனை அவன் தம்பியின் கையிற் கொடுப்பதாக எண்ணம்.